கியர்பாக்ஸுக்கும் கொஞ்சம் மோர்

அமெரிக்காவுல கேம்பர்னு ஒண்ணு உண்டு. கார் பின்னாடி கொக்கியில மாட்டி இழுத்துட்டுப் போற குட்டி வீடு. உள்ள கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், முக்கியமா ஒரு கக்கூஸ். சொன்னா சிரிப்பீங்க, அந்தக் கடைசி ஐட்டத்துக்காகத்தான் நாங்க கேம்பரே வாங்கினோம். போன வருஷக் கோடையில அப்பாவும் அம்மாவும் பொள்ளாச்சியிலிருந்து டென்வர் வந்திருந்தாங்க. அம்மாவுக்கு முட்டி வலி. கூடாரம் போட்டு தரையில படுக்கிறது, நடுராத்திரி டார்ச் அடிச்சுக்கிட்டு பொதுக் கழிப்பறைக்கு நடக்கிறது, இதெல்லாம் அவங்களுக்கு ஆகாது. ஆனா மலை மேல ஒரு ஏரிக்கரையில ரெண்டு நாள் தங்கணும்னு ஆசை. அதனால செகண்ட்ஹேண்டுல ஒரு 19 அடி கேம்பர். காலி எடை 3200 பவுண்டு.

இழுக்கப்போறது எங்க வீட்டு ஆறு சிலிண்டர் எஸ்யூவி. 5000 பவுண்டு வரை இழுக்கும்னு மேனுவல் சொல்லுது. அப்ப கவலை என்னன்னு கேக்கறீங்களா? கவலை எங்க ஊரு மலை.

டென்வர் 5280 அடி உயரத்துல இருக்கு. ஐ-70 நெடுஞ்சாலையில மேற்கே 60 மைல் போனா ஐசனோவர் சுரங்கப்பாதை, 11,000 அடிக்கு மேல. ஒரு மணி நேரப் பயணத்துல அத்தனை உயரம் ஏறணும். அதுல கடைசி சில மைல் செம ஏத்தம். போதாக்குறைக்கு மேல போகப் போக காத்து மெலிசாகும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1000 அடிக்கும் சுமாரா 3 சதவீதம் பலம் இழக்கும்னு ஒரு கணக்கு. சுரங்க வாசல்ல நிக்கும்போது மூணுல ஒரு பங்கு குதிரைங்க ஓடிப் போயிருக்கும். காத்து மெலிசா இருக்கறதால வண்டியைக் குளிர வைக்கிற சக்தியும் குறையும்.

நண்பர் ஒருத்தர் ரெண்டு வருஷம் முன்னாடி இதே ரோட்டுல, ஜார்ஜ்டவுன் தாண்டின ஏத்தத்துல, படகு இழுத்துட்டுப் போனார். எஞ்சின் உறுமுது, வண்டி நகரல. கீழே கருகின வாசனை. டிரான்ஸ்மிஷன் காலி. டோ வண்டிக்கூலி தனி, பிரிச்சு மாட்ட 4500 டாலர். பணம் கூடப் பரவாயில்லைங்க. அந்த ஏத்தத்துல ரோட்டோரம் லாரிங்க உரசிப் போக, ரெண்டு குழந்தைங்களை வச்சுக்கிட்டு மூணு மணி நேரம் நின்னார். எழுபது வயசு அம்மாவை அப்படி நிறுத்த எனக்கு மனசு வரல.

சரி, டிரான்ஸ்மிஷன் ஏன் வேகுது?

நம்ம ஊரு கிளட்ச் வண்டியில எஞ்சினும் கியர்பாக்ஸும் தகட்டோட தகடு ஒட்டிச் சுத்தும். ஆட்டோமேட்டிக்ல நடுவுல இருக்கறது டார்க் கன்வர்ட்டர். ரெண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரா வச்சு ஒண்ணை மட்டும் போடுங்க, அந்தக் காத்துல இன்னொண்ணும் சுத்தும் இல்லையா? அதே சமாச்சாரம்தான், காத்துக்குப் பதிலா எண்ணெய். சமதளத்துல ஒரே வேகத்துல போகும்போது உள்ள ஒரு பூட்டு விழுந்து ரெண்டும் ஒண்ணாச் சுத்தும், சூடு கம்மி. பின்னாடி பாரம், முன்னாடி மேடுன்னா பூட்டு விலகிடும். ஒரு விசிறி வேகமா, இன்னொண்ணு மெதுவா. அந்த வித்தியாசம் அத்தனையும் எண்ணெயில சூடாப் போய்ச் சேரும்.

அந்த எண்ணெய்க்கு 175 டிகிரியிலிருந்து 200 டிகிரி வரை (எல்லாம் ஃபாரன்ஹீட்) சுகமான சூடு. அதுக்கு மேல ஒவ்வொரு 20 டிகிரிக்கும் எண்ணெயோட ஆயுசு பாதியாகும்னு மெக்கானிக்குங்க ஒரு கட்டைவிரல் கணக்கு வச்சிருக்காங்க. 240 கிட்டப் போனா பிசின் மாதிரி படிய ஆரம்பிக்கும். இன்னும் ஏறினா ரப்பர் சீல் எல்லாம் கெட்டியாகும், அப்புறம் உள்ள இருக்கிற கிளட்ச் தகடு வழுக்கும். நண்பருக்கு நடந்தது அதுதான்.

கம்பெனிக்காரங்க இதுக்கு ஒண்ணுமே செய்யலையான்னா, செஞ்சிருக்காங்க. நிறைய வண்டிங்கள்ல ரேடியேட்டர் தொட்டிக்குள்ளயே ஒரு குழாய் வச்சு, அது வழியா இந்த எண்ணெயை ஓட விட்டிருப்பாங்க. தினசரி ஆபீஸ் போய் வர அது தாராளம். மலை ஏறும்போது ரேடியேட்டர் தண்ணியே 200 டிகிரிக்கு மேல கொதிச்சுக்கிட்டு இருக்கும். வெந்நீர்ல பாத்திரத்தை வச்சுப் பாலை ஆத்தற கதைதான். தண்ணி சூட்டுக்குக் கீழ எண்ணெய் இறங்கவே இறங்காது.

இங்கதான் தனி டிரான்ஸ்மிஷன் கூலர் வருது. ஒரு சின்ன ரேடியேட்டர்னு வச்சுக்கங்க. தண்ணி கிடையாது, நேரா முன்னாடி வர்ற காத்துல எண்ணெய் ஆறும். குழாயை வளைச்சு துடுப்பு வச்சது ஒரு ரகம், தட்டு மேல தட்டா அடுக்கினது இன்னொரு ரகம். அதே அளவுல தட்டு ரகம்தான் நல்லா குளிர வைக்கும். டென்வர் குளிர்காலத்துல எண்ணெய் தேன் மாதிரி இறுகும்ங்கறதால, இறுகின எண்ணெய் சுத்திக்கிட்டுப் போக உள்ளேயே பைபாஸ் வழி இருக்கிற தட்டு ரகமாப் பார்த்து வாங்கினேன். கூலர், குழாய், கிளாம்பு, எண்ணெய் எல்லாம் சேர்த்து 140 டாலர்.

மாட்டறதுக்கு அசிஸ்டெண்ட் அப்பா. அரசு பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவர், அதுல பல வருஷம் பொள்ளாச்சி - வால்பாறை ரூட்டு. ஆழியாறுலேர்ந்து மேல போக 40 கொண்டை ஊசி வளைவு. அவருக்கு ஆட்டோமேட்டிக் வண்டி மேல நம்பிக்கையே கிடையாது.

"ஏங்கண்ணு, கிளட்ச்சும் மிதிக்கறதில்ல, கியரும் போடறதில்ல. அப்பறம் சூடாகாம என்ன செய்யும்?"

முன் பம்பரைக் கழட்டிட்டு முதல் வேலை, ரெண்டு எண்ணெய்க் குழாய்ல எது போற வழி, எது வர்ற வழின்னு கண்டுபிடிக்கிறது. வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டினேன். சூடு அதிகமா இருந்தது டிரான்ஸ்மிஷன்லேர்ந்து ரேடியேட்டருக்குப் போறது. கம்மியா இருந்தது திரும்பி வர்றது. புதுக் கூலரைத் திரும்பி வர்ற வழியிலதான் சேர்க்கணும். முதல்ல ரேடியேட்டர், அப்புறம் கூலர், அப்புறம் வீடு.

கிட்டோட நாலு பிளாஸ்டிக் ஊசி குடுத்திருந்தாங்க. ஏசி கண்டென்சர், ரேடியேட்டர் துடுப்புக்குள்ள குத்தி கூலரை இறுக்கிக் கட்டறதுக்கு. பத்து நிமிஷ வேலை. அப்பா கையில வாங்கிப் பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டார்.

"வண்டி ஆடற ஆட்டத்துல இது அரைச்சு அரைச்சு ஓட்டை போட்டுரும். பட்டை அடிச்சுக் கட்டோணும்."

சரியான பேச்சு. இரும்புக்கடையில ரெண்டு பட்டை வாங்கி, வளைச்சு, துளை போட்டு, சட்டத்துல போல்ட் பண்ணினோம். கண்டென்சருக்கும் கூலருக்கும் நடுவுல ஒரு விரல் இடைவெளி. குழாயும் சும்மா கிடையாது, டிரான்ஸ்மிஷன் எண்ணெய்க்குன்னே விக்கிற குழாய்தான் போடணும். ஹீட்டர் தண்ணிக் குழாய் இந்தச் சூட்டுக்கும் எண்ணெய்க்கும் உப்பிப் பிய்ஞ்சுடும். வளைவுல குழாய் மடங்காம பார்த்துக்கணும். கடைசியா எண்ணெய் ஊத்தி, சூடான எஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே, சமதளத்துல டிப்ஸ்டிக்ல அளவு பார்த்தோம். முக்கால் குவார்ட் பிடிச்சது. டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டிங்க இப்ப நிறைய. அதுல அளவு பார்க்கிற முறை வேற, மேனுவலைப் பார்க்காம கை வைக்காதீங்க.

ஓபிடி அடாப்டர் ஒண்ணைச் சொருகி டிரான்ஸ்மிஷன் சூட்டை ஃபோன்லயே பார்க்கற மாதிரியும் வச்சுக்கிட்டேன். கேம்பரை வாங்கி வீட்டுக்கு இழுத்துட்டு வந்த அன்னிக்கு, காலி வண்டி, ரெண்டு மைல் மேடு, அதுக்கே 226 காட்டியிருந்தது. கூலர் போட்டதுக்கப்புறம் அதே மேட்டுல 194. அப்பா கண்ணாடியைப் போட்டு நம்பரைப் பார்த்துட்டு, "மோர் குடிச்ச மாதிரி ஆயிருச்சு"ன்னார்.

வீட்டுல ஒரே கொண்டாட்டம். அன்னிக்கு ராத்திரிதான் வில்லங்கம் ஆரம்பிச்சது.

கேம்பர்ல சாமான் எல்லாம் ஏத்தி, லாரிங்க எடை போடற இடத்துல நிறுத்திப் பார்த்தா 4100 பவுண்டு. 5000-க்குள்ளதான். ஆனா கொக்கி மேல நேரா உக்கார்ற எடைன்னு ஒண்ணு இருக்கு. பொதுவா மொத்தத்துல 10 முதல் 15 சதவீதம். எங்களுக்கு 490. அது கேம்பர் கணக்கு இல்லைங்க, கார் சுமக்கற கணக்கு. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தா ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆளும் சாமானும் சேர்த்து எவ்வளவு ஏத்தலாம்னு. எங்க வண்டிக்கு 1250. நான், தங்கமணி, அப்பா, அம்மா, ரெண்டு வாண்டுங்க சேர்த்து 760. அதோட 490. கூட்டிப் பாருங்க. சரியா 1250. கொக்கிச் சட்டம், தண்ணி பாட்டில், அம்மாவோட கட்டுச்சோத்து மூட்டை எதுவுமே அதுல சேர்க்கல.

"அதான் கூலர் போட்டாச்சே, இன்னும் என்ன?" இது தங்கமணி.

நிறைய பேர் நினைக்கிறதும் இதுதான். கூலர் எண்ணெயை ஆத்தும். அவ்வளவுதான். அச்சு, ஸ்பிரிங், டயர், பிரேக் எதுக்கும் அது ஒரு பவுண்டு பலம் கூட்டாது. அந்த 5000-ங்கற நம்பர் எப்படி வருதுன்னு பார்த்தாலே புரியும். எஸ்ஏஇ ஜே2807-ன்னு ஒரு சோதனை முறை இருக்கு. 2011 மாடல்கள்லேர்ந்து டொயோட்டா முதல்ல கடைப்பிடிச்சாங்க, அப்புறம் மத்தவங்களும் வந்தாங்க. அரிசோனாவுல டேவிஸ் அணைகிட்ட ஆரம்பிக்கிற 11 மைல் சொச்ச ஏத்தம்தான் அதோட அளவுகோல். 100 டிகிரி வெயில்ல, ஏசியை முழுசா வச்சு, பாரம் இழுத்து ஏறணும். அந்தக் கணக்குல கார்ல ஆள் எத்தனைன்னு நினைக்கறீங்க? ரெண்டே பேர். ஆளுக்கு 150 பவுண்டு. ஆறு பேர் குடும்பம் அதுல கிடையாது.

அதனால ரெண்டு வண்டியில போலாம்னு சொன்னேன். அம்மா முகம் சுருங்கிப் போச்சு. "ஒண்ணாப் போறதுக்குத்தானே இத்தனை செலவு பண்ணினே?" அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. அப்பாதான் பேசினார். "பஸ்ஸுல 55 பேருன்னு எழுதியிருக்கும். 90 பேரை ஏத்திக்கிட்டு மலையிறங்கியிருக்கேன். ஒவ்வொரு தடவையும் வயித்துல புளியைக் கரைக்கும். பிள்ளைக்கு அது வேண்டாம்."

தங்கமணி சின்ன காரை எடுத்தாங்க. பேரன் பேத்தி அதுலன்னதும் அம்மாவும் அதுல ஏறிட்டாங்க. எஸ்யூவியில நானும் அப்பாவும் மட்டும். டேவிஸ் அணை கணக்கு மாதிரியே ரெண்டு ஆள்!

ஆகஸ்ட் மாசம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. டோ மோட் போட்டு, 45 மைல் வேகத்துல லாரிங்க பின்னாடி வலது ஓரமாவே ஏறினோம். ஜார்ஜ்டவுன் ஏத்தத்துல 190. சுரங்க வாசல்ல 201. அதுக்கு மேல போகல. அப்பா ரோட்டைப் பார்க்கல, ஃபோனைத்தான் பார்த்துக்கிட்டு வந்தார்.

சுரங்கத்தைத் தாண்டினா டில்லன் ஏரி வரைக்கும் ஒரே இறக்கம். 7 சதவீத சரிவு, பிரேக் போன லாரிங்க ஏறி நிக்கறதுக்கு ஜல்லி கொட்டின மேடு வழியில ரெண்டு இடத்துல. அது எதுக்குன்னு சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "ஏறின கியர்லயே எறங்கோணும் கண்ணு. பிரேக்கை நம்பாதே"ன்னார். அப்படித்தான் இறங்கினேன். இறக்கத்துல கூலருக்கு வேலை இல்லை, கியரும் பொறுமையும்தான். கேம்பரோட எலெக்ட்ரிக் பிரேக்கை விட்டு விட்டு தொட்டதோட சரி.

எங்களுக்கு முன்னாடியே அம்மா ஏரிக்கரையில சேர் போட்டு உக்கார்ந்திருந்தாங்க, மடியில பேத்தி.

கேம்பர் வாங்கப் போறேன்னு யாராச்சும் கேட்டா இப்ப நான் சொல்றது ரெண்டு விஷயம். கூலர் கண்டிப்பாப் போடுங்க, 140 டாலருக்கு அதை விட நல்ல இன்ஷூரன்ஸ் கிடையாது. ஆனா கடைக்குப் போறதுக்கு முன்னாடி கார் கதவைத் திறந்து அந்த ஸ்டிக்கரைப் படிச்சு, வீட்டுல இருக்கிற எல்லாரோட எடையையும் ஒரு பேப்பர்ல கூட்டிப் பாருங்க. அதுக்குக் காசு ஒண்ணும் செலவில்லை.