அழுத்தாத பொத்தான்

கல்லடியில் வாவிக்கரையோரமுள்ள எங்கள் வீட்டின் பின்புறம் அறையொன்றும் குளியலறையும் கட்டினோம். மார்கழி வாடையில் பேரனைக் குளிப்பாட்டச் சுவரில் சுடுநீர்க் கருவி பொருத்த வேண்டும். வயறிங் செய்ய வந்த தம்பி, "பக்கத்து அறையின் 13 அம்பியர் பிளக்கிலேயே கொடுக்கலாம் ஐயா" என்றார்.

3500 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்துக் காட்டினேன்: 15 அம்பியருக்கு மேல். பிளக் தாங்காது. பிரதான பெட்டியிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், குளியலறைக்கு வெளியே சுவிட்ச், முறையான எர்த் என்று முடிவானது.

இறுதியாக, 30 மில்லிஅம்பியர் கசிந்தாலே விழவேண்டிய ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினோம். விழவில்லை. எத்தனை ஆண்டுகளாகச் செத்துக் கிடந்ததோ! அன்றே மாற்றினோம்.

'மின்சாரம் தாக்கிப் பலி' என எத்தனையோ செய்திகள் எழுதியவன் நான். அந்தப் பொத்தானைப் பற்றி ஒருவரிகூட எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன்: உங்கள் வீட்டிலும் அழுத்திப் பாருங்கள்.