வால்பாறைக்கு ஏறியவர்கள்

பொள்ளாச்சியில் பஸ் ஏறினால் அங்கலக்குறிச்சி தாண்டும்வரை இருபுறமும் தென்னந்தோப்புதான். ஆழியாறு அணை வந்ததும் சாலையின் குணம் மாறிவிடும். வனத்துறைச் செக்போஸ்ட்டில் வண்டி நிற்கும், டிரைவர் இறங்கி ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். அதன்பிறகு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். பொள்ளாச்சி - வால்பாறை 64 கிலோமீட்டரில் கடைசி நாற்பது கிலோமீட்டர் இப்படித்தான். மாநில நெடுஞ்சாலை 78 என்பது காகிதத்தில் இருக்கும் பெயர். இங்கே யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை, வால்பாறை ரோடு என்றுதான் சொல்வார்கள்.

இந்தச் சாலையில் டிரைவர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்து போவது எனக்குப் பிடிக்கும். வளைவு வருவதற்கு முன்பே ஒரு நீண்ட ஹாரன். மேலிருந்து இறங்கும் வண்டி ஒதுங்கி நிற்கும், ஏறும் வண்டிக்குத்தான் வழி. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து, பஸ்ஸின் மூக்கு சாலையின் விளிம்பைத் தாண்டி வெளியே நீளும்போது நமக்குக் கீழே ஆழியாற்று நீர்தான் தெரியும். பஸ் திரும்பிவிடும். வளைவின் எண் எழுதிய பலகை ஒன்று பின்னால் போகும். இறங்கும்போது கியரைக் குறைத்து வைத்துக்கொண்டே வருவார்கள். பிரேக்கை மட்டும் நம்பி வேகமாக இறங்கிய கார்கள் ஆழியாற்றுக்கு வந்து சேரும்போது சக்கரத்திலிருந்து கருகல் வாடை வருவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஒன்பதாவது வளைவுக்கு லோம்ஸ் வியூ பாயின்ட் என்று பெயர். மலைச்சாலை உருவானதோடு சேர்த்துச் சொல்லப்படும் ஓர் ஆங்கிலேயரின் பெயர் அது. அங்கே நின்றால் கீழே அணை முழுசாகத் தெரியும். பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தில் கட்டப்பட்டு, காமராஜர் முதல்வராக இருந்த 1962-இல் திறக்கப்பட்ட அணை. மேலே சோலையாற்றில் தேங்கும் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே பரம்பிக்குளம் போய்ச் சமவெளிக்கு வருகிறது. தண்ணீருக்கு அந்த வழி, மனிதருக்கும் தேயிலைக்கும் இந்த வழி. வியூ பாயின்டில் எல்லோரும் அணையைத்தான் படம் எடுக்கிறார்கள். முதுகுப் பக்கம் இருக்கும் பாறையை ஐந்து நிமிடம் பொறுமையாகப் பார்த்தால் வரையாடு தென்பட வாய்ப்பு உண்டு. பாறை நிறத்திலேயே இருப்பதால் அது அசைந்தால்தான் கண்ணுக்குத் தெரியும்.

அட்டகட்டி தாண்டி மேலே போனால் கவர்க்கல். பெரும்பாலும் பனிமூட்டத்தில்தான் இருக்கும். அங்கே சாலையோரத்தில் கார்வர் மார்ஷுக்குச் சிலை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த மலையில் தோட்டம் போட வந்த முன்னோடித் துரைகளில் ஒருவர். காப்பியில் தொடங்கிய தோட்டங்கள் பிறகு தேயிலையாயின. வளைவுக்கு ஒரு துரையின் பெயர், மேட்டில் ஒரு துரையின் சிலை. அந்தத் தோட்டங்களுக்காகக் காட்டை வெட்டியவர்கள், கன்று நட்டவர்கள், கொழுந்து கிள்ளியவர்கள் யாருக்கும் இந்த 64 கிலோமீட்டரில் ஒரு கல்கூடக் கிடையாது. இது எனக்கு ஆறாத குறை.

அவர்கள் எப்படி வந்தார்கள் என்பதை பி. எச். டேனியல் எழுதி வைத்திருக்கிறார். தோட்டத்தில் மருத்துவராக வேலை பார்த்தவர் அவர். ஆங்கிலத்தில் 'ரெட் டீ' என்று 1969-இல் வெளிவந்த அந்த நாவலை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் கொடுத்தார். பாலாவின் 'பரதேசி' படத்துக்கும் அதுதான் மூலம். பஞ்சத்தில் அடிபட்ட ஊர்களில் கங்காணி முன்பணத்தைக் காட்டுவான், குடும்பம் குடும்பமாகக் கிளம்பி நடந்தே மலை ஏறுவார்கள். மேலே மலேரியாவும் அட்டையும் அடைமழையும் காத்திருக்கும். வாங்கிய முன்பணம் வருடக் கடைசிக் கணக்கில் தீராது, தீராதவரை ஊருக்குத் திரும்ப முடியாது. அந்த நாவலைப் படித்தபிறகு இந்தச் சாலையில் ஜன்னலோரக் காற்றை மட்டும் அனுபவித்துக்கொண்டு என்னால் போக முடிவதில்லை. கைக்குழந்தையோடு இந்த ஏற்றத்தை நடந்திருந்தால் எத்தனையாவது வளைவில் உட்கார்ந்திருப்பார்கள் என்று மனம் கணக்குப் போடும்.

ஐயர்பாடி, ரொட்டிக்கடை எல்லாம் கடந்து, வால்பாறைக்குச் சற்று முன்னால் புதுத்தோட்டம். இங்கே சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டிய தொங்குபாலங்களை அண்ணாந்து பார்க்கலாம். சிங்கவால் குரங்குகளுக்காகக் கட்டியவை. கிளைவிட்டுக் கிளை தாவியே வாழும் பிராணி அது. சாலையும் தோட்டமும் காட்டைத் துண்டாக்கியதால் தரையில் இறங்கிச் சாலையைக் கடக்க வேண்டியதாகி, வண்டிகளில் அடிபட்டன. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பினர் இந்தப் பாலங்களைக் கட்டினார்கள், வண்டிகளை மெதுவாக விடச் சொல்லிச் சாலையில் ஆளையும் நிறுத்தினார்கள். நான் போன ஒரு நாள் அந்தக் காவலர் கை காட்டியதும் பஸ் நின்றது. கறுப்பு உடம்பும் நரைத்த பிடரியுமாக ஒவ்வொன்றாகச் சாலையைக் கடந்தன. கடைசியில் ஒரு தாய், வயிற்றில் குட்டி. பின்னால் வந்த காரிலிருந்து ஒரு கை வாழைப்பழத்தை நீட்டியது. காவலர் ஓடிப்போய்த் தடுத்தார். சாலையோரம் தீனி கிடைக்கும் என்று பழகிய குரங்கு சாலையோரத்திலேயே செத்துப்போகும். பழம் நீட்டுபவருக்கு இரக்கம் இருக்கலாம், ஆனாலும் கொடுக்கக் கூடாது.

யானைகள் சங்கதி வேறு. அவற்றின் வலசைப் பாதையில்தான் எஸ்டேட்டுகள் இருக்கின்றன. பஸ்ஸைவிட்டு இறங்கி இருட்டில் லைன் வீட்டுக்கு நடக்கும் தொழிலாளிதான் அதிகம் ஆபத்தில் இருந்தார். அதே அமைப்பின் எம். ஆனந்தகுமார் குழுவினர், யானை நிற்கும் இடத்தைப் பக்கத்துக் குடியிருப்புகளுக்கு செல்போன் குறுஞ்செய்தியாக அனுப்பவும், உயரமான இடங்களில் சிவப்பு விளக்கை எரிய விடவும் ஏற்பாடு செய்தார்கள். விளக்கு எரிந்தால் அருகில் யானை நிற்கிறது என்று அர்த்தம். அதற்காக ஆனந்தகுமாருக்கு 2015-இல் விட்லி விருது கிடைத்தது. இத்தனை எளிய ஏற்பாடு இத்தனை உயிரைக் காக்கும் என்பதை இங்கே வந்துதான் நம்பினேன்.

உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2025 நவம்பரிலிருந்து வால்பாறைக்குச் சுற்றுலா வருபவர்களுக்கு இ-பாஸ் வேண்டும். நல்லதுதான். மலை தாங்கும் அளவுக்குத்தான் வண்டி வர வேண்டும்.

வால்பாறையோடு சாலை முடிவதில்லை. சோலையாறு தாண்டி மளுக்கப்பாறையில் கேரளத்துக்குள் நுழைந்து, அங்கே மாநில நெடுஞ்சாலை 21 ஆகி, அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடிக்கு இறங்குகிறது. அந்தக் காட்டுவழியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

கொழுந்து கிள்ளியவர்களின் பிள்ளைகள் இப்போது இதே பஸ்ஸில் கீழே இறங்கித் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போகிறார்கள். காலியான லைன் வீடுகளுக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஆட்கள் ஏறி வருகிறார்கள். போன தடவை நான் வந்த பஸ்ஸில் அப்படி ஒரு குடும்பம் இருந்தது. இரண்டு மூட்டை, ஒரு பிளாஸ்டிக் வாளி, தூங்கும் குழந்தை. இறங்க வேண்டிய எஸ்டேட்டின் பெயரை அந்தப் பெண் சொல்லிய விதத்தில் பஸ்ஸில் யாருக்கும் புரியவில்லை. கண்டக்டர் பொறுமையாகக் குனிந்து, வழியில் உள்ள எஸ்டேட் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நான்காவது பெயருக்கு அவள் தலையாட்டினாள்.