அப்பாவின் நோட்டும் என் ஸ்க்ரூ ட்ரைவரும்

ஆபீஸ்ல ஆணி புடுங்குறது பத்தாதுன்னு, வீட்டுலயும் ஆணி அடிக்க ஆரம்பிச்சவனோட கதை இது. கொஞ்சம் நீளம்தான். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க மக்களே.

முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடறேன். நான் படிச்சது ட்ரிபிள் ஈ. 2018ல முடிச்சேன். கேம்பஸ்ல சாஃப்ட்வேர் கம்பெனிக்காரங்க மொத்தமா அள்ளிக்கிட்டுப் போனதுல, எனக்கும் கரண்டுக்கும் இருந்த சம்பந்தம் லேப்டாப் சார்ஜரோட முடிஞ்சு போச்சு. ஆனா ஊர்ல சொந்தக்காரங்க விடமாட்டாங்க. "தம்பி கரண்டு இன்ஜினியர்தானே, இந்த மிக்ஸி ஓட மாட்டேங்குது, என்னன்னு பாரேன்"பாங்க. நானும் மிக்ஸியைத் தூக்கி, ரெண்டு ஆட்டு ஆட்டிப் பாத்துட்டு, "சர்வீஸ் சென்டர்ல குடுத்துடுங்க அத்தை"ன்னு முகத்தைச் சீரியஸா வெச்சுக்கிட்டுச் சொல்லுவேன். அவ்வளவுதான் நம்ம பொழப்பு.

2023ல கல்யாணம். வேளச்சேரியில வாடகை வீடு. ஒரு ஞாயித்துக்கிழமை சமையலறைக்கு ஒரு ஷெல்ஃப் மாட்ட ஆள் கூப்பிட்டா, நாலு ஓட்டை போட்டுட்டு 600 ரூபாய் வாங்கிட்டுப் போயிட்டாரு. அன்னைக்கு வந்த ரோஷத்துல ஒரு ட்ரில்லிங் மெஷின் வாங்கினேன். தங்கமணி, "நாலு ஓட்டைக்கு 600 ரூபாய் ஜாஸ்தின்னு மூவாயிரத்துக்கு மெஷின் வாங்கின ஆளு நீங்கதான்"னு சொன்னதைப் பெருசா எடுத்துக்கல.

ஆனா அந்த மெஷின் என்னமோ பண்ணிடுச்சுங்க. அஞ்சு நாளும் திரைக்குள்ளயே வேலை பாக்குறவனுக்கு, கையால தொட்டுப் பாக்குற மாதிரி ஒண்ணு செஞ்சு முடிக்கிறதுல ஒரு போதை இருக்கு. சொட்டிக்கிட்டே இருந்த பாத்ரூம் குழாய்க்கு வாஷர் மாத்தினேன். சன்னலுக்குக் கொசுவலை அடிச்சேன். ஃபேன் மெதுவா சுத்துச்சுன்னு 2.5 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர் வாங்கி மாத்தினேன். (புக்குல அதுக்குப் பேரு கெபாசிட்டர். கடையில போய் அப்படிக் கேட்டா நம்மளை ஒரு மாதிரி பாக்குறாங்க.) சுவிட்சைப் போட்டதும் ஃபேன் விர்ருன்னு சுத்தினப்ப, கீழ நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தேன். கழுத்து வலிச்சதுதான் மிச்சம், ஆனா அந்தச் சந்தோஷம் இருக்கே!

இந்த ஜோர்லதான் 2025 பொங்கலுக்கு ஊருக்குப் போனேன்.

ஊரு மதுரை. அப்பா கணக்கு வாத்தியார், 2019ல ரிட்டையர் ஆனவர். கடன் வாங்கி அவர் கட்டின வீடு. நான் பேசப் பழகினது, விழுந்து எழுந்தது எல்லாம் அங்கதான். அப்பாவுக்கு சினிமா, சீட்டாட்டம்னு எந்தப் பொழுதுபோக்கும் கிடையாது. வீடுதான் பொழுதுபோக்கு. ஞாயித்துக்கிழமை ஆனா ஒரு பழைய பிஸ்கட் டின் வெளிய வரும். உள்ள கட்டிங் பிளேயர், டெஸ்டர், ஹார்லிக்ஸ் பாட்டில் மூடி நிறைய ஸ்க்ரூ, சைக்கிள் டியூப் துண்டு. கதவு கீழ உரசுதா, அதை இழைப்பாரு. கொடிக்கம்பி தளர்ந்துடுச்சா, இழுத்துக் கட்டுவாரு. கோடை வந்தா தண்ணித் தொட்டியைக் கழுவுவாரு, பின்பக்கம் எர்த் பைப் புதைச்ச குழியில ரெண்டு குடம் தண்ணி ஊத்துவாரு. மண்ணு காஞ்சு போனா எர்த் ஒழுங்கா வேலை செய்யாதுங்கிறதை நான் காலேஜ்ல படிச்சேன். அவர் அதை வருஷா வருஷம் செஞ்சுக்கிட்டு இருந்தாரு.

இதெல்லாம் முடிஞ்சதும் ஒரு லாங் சைஸ் நோட்டு எடுத்து எழுதி வெப்பாரு. தேதி, என்ன வேலை, எவ்வளவு செலவு, யார் செஞ்சாங்க. எங்க வீட்டுல அதுக்குப் பேரு "வீட்டு நோட்டு". சின்ன வயசுல நானும் அக்காவும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

போகிக்கு முன்னாடி சனிக்கிழமை. பின்ரூம் சுவிட்ச் போர்டு பழைய பியானோ சுவிட்ச். மஞ்சள் பிடிச்சு, ஒண்ணு அமுக்கினா ஒட்டிக்கிட்டு மேல வராது. "நான் மாடுலர் போர்டு மாத்திக் குடுக்குறேம்ப்பா"ன்னு சொன்னேன். அப்பா பேப்பர்ல இருந்து தலையைத் தூக்காம, "நோட்டைப் பாத்துட்டுச் செய்"னாரு.

"சுவிட்ச் மாத்த எதுக்குப்பா நோட்டு?"ன்னுட்டு நான் ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்துட்டேன்.

மெயினை ஆஃப் பண்ணேன். அந்த அளவுக்கு விவரம் உண்டு. போர்டைக் கழட்டிப் பாத்தா எனக்கு ஒரே சிரிப்பு. சிவப்பு பேஸ், கருப்பு நியூட்ரல், இது சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். லைட்டு எரியறதுக்குப் போற பேஸ் லைனை சுவிட்ச் வழியா விடணும், நியூட்ரலை நேரா விடணும். இங்க என்னடான்னா கருப்பு ஒயர் சுவிட்சுக்குப் போயிருக்கு, சிவப்பு ஒயர் நேரா போயிருக்கு. எந்த அரைகுறை ஆளு பண்ணிட்டுப் போனானோன்னு நினைச்சுக்கிட்டு, போட்டோ எடுத்து ஃப்ரெண்ட்ஸ் குரூப்புல போட்டு நக்கல் வேற அடிச்சேன். அப்புறம் பொறுப்பா மாத்தி, சிவப்பை சுவிட்சுக்கும் கருப்பை நேராவும் கொடுத்துட்டேன். மெயினைப் போட்டேன். லைட்டு எரிஞ்சது. ஃபேன் சுத்துச்சு. பிளக் பாயின்ட்ல போன் சார்ஜ் ஏறுச்சு. எல்லாம் பக்கா. அம்மா, "வெள்ளை வெளேர்னு அழகா இருக்குடா"ன்னாங்க.

டெஸ்டர் அந்த நேரம் என் சட்டைப் பையிலேயே இருந்தது. ஒரே ஒரு தடவை எடுத்து வெச்சுப் பாத்திருந்தா போதும்.

மறுநாள் காலையில அம்மா பின்ரூமைச் சுத்தம் பண்ணிக்கிட்டு இருந்தாங்க. நான் ஹால்ல உட்கார்ந்து தங்கமணிகிட்ட அடுத்த ப்ராஜெக்ட்டைப் பத்தி அளந்துக்கிட்டு இருந்தேன். "ஆ"ன்னு ஒரு சத்தம். அடுத்து ஸ்டூல் உருண்ட சத்தம்.

ஓடிப் போய்ப் பாத்தா அம்மா தரையில கிடக்காங்க. கையில ஈரத்துணி. சுவிட்சை ஆஃப் பண்ணி, பல்பைக் கழட்டி, ஹோல்டரைத் துடைச்சிருக்காங்க. இன்னொரு கை சன்னல் கம்பியைப் பிடிச்சிருந்திருக்கு. விழுந்ததுலதான் கை விடுபட்டிருக்கு. முழங்கையில நல்ல அடி, உதடு நடுங்குது. பேச்சு வர ஒரு நிமிஷம் ஆச்சு. அந்த ஒரு நிமிஷத்தை இன்னைக்கு நினைச்சாலும் எனக்குக் கை சில்லுன்னு ஆயிடுது.

பக்கத்துல இருந்த நர்சிங் ஹோமுக்குக் கூட்டிட்டுப் போனோம். இசிஜி எடுத்துப் பாத்துட்டு ஒண்ணும் இல்லைன்னாங்க. (ஷாக் அடிச்சவங்க நல்லாத்தான் எழுந்து நடக்குறாங்கன்னு விட்டுடாதீங்க. டாக்டர்கிட்ட காட்டிடுங்க.) முழங்கைக்கு மாத்திரை, தைலத்தோட வீட்டுக்கு வந்தாச்சு.

அம்மாவைப் படுக்க வெச்சுட்டு அப்பா என்னை மட்டும் பின்ரூமுக்குக் கூப்பிட்டாரு. சுவிட்ச் ஆஃப்லதான் இருந்தது. ஸ்டூல் மேல ஏறி டெஸ்டரை ஹோல்டருக்குள்ள வெச்சாரு. டெஸ்டர்ல ஆரஞ்சு கலர்ல லைட்டு எரிஞ்சது.

"சுவிட்ச் ஆஃப். டெஸ்டர் எரியுது. ஏன்?"

கரும்பலகை முன்னாடி பையனை நிறுத்திக் கேக்குற அதே குரல். திட்டல. கோபம்கூட இல்ல. டிஸ்டிங்ஷன்ல பாஸ் பண்ண நான் வாயைத் திறக்கல. பதில் தெரிஞ்சிருந்ததுதான் பிரச்சனையே. நான் சுவிட்ச் வழியா விட்டது நியூட்ரலை. சுவிட்சை ஆஃப் பண்ணா லைட்டு அணையும், ஆனா 230 வோல்ட் ஹோல்டர்ல அப்படியே காத்துக்கிட்டு நிக்கும்.

அப்பா பீரோவுல இருந்து வீட்டு நோட்டை எடுத்து, ஒரு பக்கத்தைத் திருப்பிக் கையில கொடுத்தாரு. 2011ல எழுதினது: "பின்ரூம் லைன் புதுசா இழுத்தது. ஆள் ஜங்ஷன் பாக்ஸில் மாற்றிக் கொடுத்துவிட்டார். கருப்பு - பேஸ், சிவப்பு - நியூட்ரல். சுவரை உடைக்காமல் போர்டில் சரி செய்யப்பட்டது. கவனம்." "கவனம்" மட்டும் சிவப்பு மையில, ரெண்டு கோடு அடிச்சு.

யாரை நான் அரைகுறைன்னு குரூப்புல நக்கல் அடிச்சேனோ, அவர்தான் அதைச் சரியா செஞ்சு வெச்சிருந்தாரு. பத்தடி தூரத்துல பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு.

மெயினை ஆஃப் பண்ணி, இந்தத் தடவை அவர் பக்கத்துல நிக்க, திரும்ப மாத்திக் கொடுத்தேன். ஒயர் நுனியில சிவப்பு டேப், கருப்பு டேப் சுத்தினோம், அடுத்து போர்டைத் திறக்குறவனுக்கு நோட்டு இல்லாமலும் தெரியட்டும்னு. அப்புறம் டெஸ்டரோட எல்லா ரூமையும் ஒரு சுத்து வந்தோம். மத்ததெல்லாம் ஒழுங்கா இருந்தது.

மத்தியானம் அம்மா "என்னங்க ஆச்சு, சுவிட்சை ஆஃப் பண்ணிட்டுத்தானே துடைச்சேன்"னு கேட்டதுக்கு அப்பா, "பழைய ஹோல்டர், லீக்கேஜ்"னு ஒரே வரியில முடிச்சுட்டாரு. என் பக்கம் திரும்பவே இல்ல. எனக்குச் சோறு இறங்கல. ராத்திரி அம்மாவுக்கு முழங்கையில தைலம் தேய்ச்சுக்கிட்டே, "அது ஹோல்டர் இல்லம்மா. நான்தான் ஒயரை மாத்திக் கொடுத்துட்டேன்"னு சொன்னேன்.

"தெரியும்டா. உங்கப்பா இத்தனை வருஷமா பாத்துக்குற வீட்டுல, நீ வந்த மறுநாளா லீக்கேஜ் வரும்?"னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்"னாங்க. அதுக்கு மேல அதைப் பத்திப் பேசல.

சரி, இதுல இன்னொரு சமாச்சாரம் இருக்கு. எங்க வீட்டுல அப்ப இருந்தது பீங்கான் பியூஸ் கட்டையும் ரெண்டு எம்.சி.பி.யும்தான். எம்.சி.பி. இருக்கே, ஷாக் அடிச்சா ட்ரிப் ஆயிடும்னு பல பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. ஆகாது. அது ஒயரைக் காப்பாத்துறதுக்கு, ஆளைக் காப்பாத்துறதுக்கு இல்ல. 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 6000 மில்லி ஆம்பியர் வரைக்கும் சாதாரண லோடு. ஈரக் கையோட உடம்போட தடை 2000 ஓம்னு வெச்சுக்கிட்டா, 230 வோல்ட்டுக்கு 115 மில்லி ஆம்பியர் பாயும். எம்.சி.பி.க்கு அது ஒரு சின்ன பல்பு எரியற மாதிரி. மனுஷ நெஞ்சுக்கோ அது எமன்.

ஆளைக் காப்பாத்துறது ஆர்.சி.சி.பி.ன்னு ஒண்ணு. பேஸ்ல போற கரண்டும் நியூட்ரல்ல திரும்பி வர்ற கரண்டும் சமமா இருக்கான்னு அது கணக்குப் பாத்துக்கிட்டே இருக்கும். நடுவுல ஒரு ஆள் உடம்பு வழியா தரைக்குப் போச்சுன்னா கணக்கு இடிக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டா, ஒரு நொடியில சின்னப் பங்குக்குள்ள லைனை வெட்டிடும். அப்பாகிட்ட இதைச் சொன்னப்ப, "வரவு செலவு சரியா இல்லைன்னா கடையை மூடிடும்"னாரு. இதை விடச் சுருக்கமா எங்க ப்ரொஃபசர்கூடச் சொல்லல.

பொங்கல் முடிஞ்சதும் வாங்கினோம். அதை நான் போடல சாமி! லைசென்ஸ் உள்ள ஒயர்மேனைக் கூப்பிட்டோம். போட்டு முடிச்சு போர் மோட்டாரை ஆன் பண்ணதும் டக்குன்னு ட்ரிப் ஆச்சு. பாத்தா மோட்டார் கேபிள் ஜாயின்ட்ல டேப் இத்துப் போய் லீக்கேஜ். எத்தனை மாசமா அப்படி இருந்ததோ, யாருக்குத் தெரியும். அதையும் சரி பண்ணியாச்சு. ஆர்.சி.சி.பி.யில ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும். இப்ப மாசத்துக்கு ஒரு தடவை அப்பா அதை அமுக்கிப் பாத்து, நோட்டுல டிக் போடறாரு.

ஆபீஸ்ல எத்தனையோ தடவை பழைய கோடைப் பாத்து, "எவன்டா எழுதினது"ன்னு திட்டிக்கிட்டே மாத்தியிருக்கேன். ஓடுச்சுன்னா முடிஞ்சது வேலை. தப்பாப் போனா பழசைத் திரும்பக் கொண்டு வந்துடலாம். பின்ரூம்லயும் எல்லாம் ஓடத்தான் செஞ்சது. லைட்டு எரிஞ்சது, ஃபேன் சுத்துச்சு. நான் கைதட்டு வாங்கிட்டு ஹால்ல போய் உட்கார்ந்துட்டேன். ஸ்டூல் மேல ஏறினது அம்மா.

ட்ரில்லிங் மெஷினைத் தூக்கிப் போட்டுடலை. இன்னும் ஓட்டை போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். கரண்டு வேலைன்னா மட்டும் முதல்ல மெயின், அடுத்து டெஸ்டர், அப்புறம் அப்பாவுக்கு ஒரு போன். அவரு நோட்டை எடுத்து வெச்சுக்கிட்டுத்தான் பேசுவாரு.

ஊர்ல இருந்து கிளம்புற அன்னைக்கு அப்பா நோட்டையும் பேனாவையும் நீட்டி, "நீயே எழுது"ன்னாரு. தேதி போட்டு எழுதினேன். பின்ரூம் போர்டு மாத்தினது, தப்பா மாத்தினது, திரும்ப சரி பண்ணினது, ஆர்.சி.சி.பி. போட்டது, செலவு. "யார் செய்தது"ங்கிற இடத்துல என் பேரு. அப்பா வாங்கிப் படிச்சுப் பாத்துட்டு, சிவப்பு பேனாவை எடுத்து ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்தினாரு. அவ்வளவுதான்.

டிஸ்கி: உங்க வீட்டு மெயின் போர்டை இன்னைக்கே ஒரு தடவை திறந்து பாருங்க. டெஸ்ட் பட்டனோட ஒரு சுவிட்ச் இருந்தா அமுக்கிப் பாருங்க. வீடே ஆஃப் ஆச்சுன்னா சந்தோஷம், திரும்பப் போட்டுக்கலாம். பட்டனே இல்லைன்னா ஒரு நல்ல ஒயர்மேனுக்குப் போன் போடுங்க. தங்கமணி சீரியல் பாத்துக்கிட்டு இருக்கும்போது மட்டும் அமுக்கிடாதீங்க. அந்த ஷாக்குக்கு ஆர்.சி.சி.பி. கிடையாது.