சுமை எங்கே காத்திருக்கும்?

பிரனீஸ் மலையின் பிரெஞ்சு அடிவாரத்திலுள்ள சேன்-ழான்-பியே-டி-போர் என்ற சிற்றூரிலிருந்து, ஸ்பெயின் தேசத்தின் வடமேற்கிலுள்ள சாந்தியாகோ ஆலயம் வரை ஏறத்தாழ 780 கிலோமீட்டர் நடக்கப் புறப்படுகிறவனுக்குக் கால்களைப் பற்றிய கவலையைக் காட்டிலும் மூட்டையைப் பற்றிய கவலையே முந்திக்கொள்கிறது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவந்து சேரும் கிரிவலம் அன்று இது. இங்கே வைத்துவிட்டுப் போகும் பொருளை மீட்க ஒரு தேசத்தைக் குறுக்காகக் கடந்து மீண்டும் இங்கேயே வந்தாகவேண்டும். என்னிடமோ சில கனத்த புத்தகங்களும், யாத்திரை முடிந்தபின் மாட்ரிடில் நண்பர் வீட்டுத் திருமணத்தில் உடுத்துவதற்கான பட்டு வேஷ்டியும் இருந்தன.

விடுதியில் நீண்ட மேஜையைச் சுற்றி அமர்ந்து, வெள்ளை மொச்சையும் முட்டைக்கோஸும் போட்டுக் கொதிக்கவைத்த கெட்டியான சூப்பை ரொட்டியில் தோய்த்து உண்டுகொண்டிருந்தபோது இந்தப் பேச்சு எழுந்தது. சத்திரத்துக்குச் சத்திரம் பையை வேனில் அனுப்பிவிட்டு வெறுங்கையோடு நடப்பவர்களை யாத்திரிகர்கள் என்று சொல்லக்கூடாது என்றான் ஓர் இத்தாலிய இளைஞன். என் மனமும் அவன் பக்கமே இருந்தது. எதிரே இருந்த முதிய பிரெஞ்சு அம்மையார் கரண்டியை வைத்துவிட்டு, காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டி, மூட்டின் குறுக்கே ஓடிய அறுவைத் தழும்பைக் காட்டினார். “பழைய காலத்து யாத்திரிகர்கள் சாந்தியாகோவை அடைந்தபின் அதே வழியில் நடந்தே வீடு திரும்பினார்கள். நீ விமானத்தில் திரும்புவாய். அதற்காக உன்னை யாத்திரிகன் அல்ல என்று நான் சொல்லட்டுமா?” என்று அவர் கேட்டதும் மேஜையில் பேச்சு நின்றது. நியாயம் அவரிடமே இருந்ததென்று எனக்கு அக்கணமே பட்டது.

12ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட காலிக்ஸ்டைன் ஏட்டில் உள்ள ஒரு பிரசங்கம், யாத்திரிகனின் தோல் பை சிறியதாகவும் வாய் கட்டப்படாததாகவும் இருக்கவேண்டிய காரணத்தை விளக்குகிறது: இறைவனை நம்பிக் கொஞ்சமாக எடுத்துச் செல்லவேண்டும், உள்ளதை ஏழைகளுக்குக் கொடுக்கக் கை எப்போதும் தயாராக இருக்கவேண்டும். அதை நான் சொன்னபோது, உங்கள் பக்கத்தில் எப்படி என்று அம்மையார் வினவினார். சபரிமலைக்குப் போகிறவர்களின் இருமுடியில் முன்முடி சுவாமிக்குரிய காணிக்கை, பின்முடி வழியில் தன் உபயோகத்துக்கானது. அந்தக் காலத்தில் பின்முடி நடக்க நடக்கக் கரைந்துவிடும், முன்முடியோ சந்நிதி வரை குறையாது என்றேன். அவர் என் வேஷ்டியின் ஜரிகைக் கரையை விரல்களால் தடவிப் பார்த்து, “இது எந்த முடி?” என்றார். வழியில் உபயோகப்படாத அது பின்முடியாகாது. முன்முடி என்று சொல்லவும் எனக்கு நா எழவில்லை.

அப்படியானால் இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள் என்பது அவருடைய யோசனை. வழியில் பர்கோஸ் நகரிலோ லெயோன் நகரிலோ கால் மறுத்தால், சாந்தியாகோவில் ஒரு சாமான் காத்திருக்கிறதே என்ற நிர்ப்பந்தமின்றி நின்றுவிடலாம் என்றார். முதுமையும் நோயும் கற்பித்த விவேகம் அது. எனினும் என்னால் அதை ஏற்க இயலவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு பெட்டி இருக்குமானால், மழை பெய்யும் ஒவ்வொரு பகலிலும் மனம் அதன் பக்கமே திரும்பிக்கொண்டிருக்கும். முன்னால் இருக்குமானால், களைத்த வேளையிலும் நோக்கம் மேற்கேயே நிற்கும். தினக்கணக்கில் வாடகை ஏறுமே என்றார் அவர். ஏறட்டும் என்றேன்.

மறுநாள் காலை, பைகளைச் சாந்தியாகோவுக்கு அனுப்பும் கடையில் புத்தகங்களையும் வேஷ்டியையும் ஒப்படைத்தேன். கம்பளிச் சட்டையையும் பையோடு கட்டப்போன என் கையைத் தடுத்து, நவம்பர் முதல் மார்ச் முடிய நான் ஏறவிருந்த மலைப்பாதையையே மூடிவிடுகிறார்கள், வசந்தத்திலும் கணவாயில் குளிர் கடுமையாக இருக்கும் என்று அம்மையார் எச்சரிக்கவே, அதை மட்டும் உருவித் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பாதையின் ஓரிசோன் ஏற்றத்தில் நடக்கத் தொடங்கினேன்.