கரை வெட்டிய பாண்

முதற்பக்கம் அச்சுக்குப் போகும்வரை ஆசிரிய பீடத்தில் யாரேனும் ஒருவர் விழித்திருக்கத்தான் வேண்டும். கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் என் தலையிலேயே விழுந்திருக்கிறது. சிற்றுண்டிச்சாலை எட்டு மணிக்கே மூடிவிடும். வெளியே போய்ச் சாப்பிட்டு வரலாமென்று எழுந்தால், அந்த வேளை பார்த்துத்தான் பெரிய செய்தி வந்து சேரும். ஆகவே என் இராச்சாப்பாடு வீட்டிலிருந்தே பொதியாக வந்தது: லஞ்ச் ஷீற்றில் சுற்றி, மேலே பழைய பத்திரிகைத் தாள் மடித்து, இறப்பர் வளையம் போட்ட நான்கு கோழி சான்ட்விச்கள். ஒரு கையால் உண்ணலாம். மறு கையால் பிழை திருத்தலாம்.

இந்த உணவுக்குப் பெயர் தந்தவர் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சான்ட்விச் பிரபு. சூதாட்ட மேசையிலிருந்து எழ மனமில்லாமல் பாண் துண்டுகளுக்கிடையே இறைச்சி வைத்துத் தரச் சொன்னார் என்பது பழைய கதை. கடற்படை அலுவல்களில் மூழ்கியிருந்தபடியால்தான் அப்படிக் கேட்டார் என்று வாதிடுவோரும் உளர். நான் இரண்டாவது கட்சி.

சில மாதங்களுக்கு முன் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஆறு வாரம் மாக்கட்டு. மூன்று நாட்கள் கடைச் சாப்பாடு உண்டேன். நான்காம் நாள் வயிறு கிளர்ச்சி செய்தது. "நான் பக்கத்தில நிண்டு சொல்லித்தாறன், நீங்கள் செய்யுங்கோ" என்றாள். பாணுக்கு நடுவே இறைச்சி வைப்பதற்கும் பாடம் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, தனியாகவே சமையலறைக்குள் புகுந்தேன்.

கோழியின் நெஞ்சுத் துண்டைக் கொதிக்கும் நீரில் போட்டு அரை மணி நேரம் அவித்தேன். சுடச்சுட உதிர்த்து மயோனைஸைக் கொட்டினேன். வெங்காயம், தக்காளி, வெள்ளரிக்காய் எல்லாவற்றையும் வெட்டி உப்புப் போட்டுப் பிசைந்தேன். இரவு பதினொரு மணிக்குப் பொதியைப் பிரித்தபோது உள்ளே இருந்தது சான்ட்விச் அல்ல, ஒருவகைக் கூழ். ஒப்புநோக்குநர்கள் காணாதவாறு கரண்டியால் அள்ளித் தின்றேன். காலையில் "நல்லாயிருந்தது" என்று பொய் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "நாளைக்கு வெங்காயத்தைப் பிழிஞ்சு போடுங்கோ."

அதன்பின்னரே மாணவனானேன். கற்றவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன். என்னைப்போன்ற ஆண்களுக்கு உதவக்கூடும்.

எலும்பில்லாத கோழி இறைச்சி 300 கிராம் நான்கு சான்ட்விச்களுக்குத் தாராளம். அதைக் குளிர்ந்த நீரிலேயே போட்டு, உப்பு, நசுக்கிய இஞ்சி, சில மிளகு, ஒரு துண்டு ரம்பை சேர்த்து மெல்லிய தீயில் சூடேற்ற வேண்டும். நீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது. அப்படிக் கொதித்தால் நெஞ்சிறைச்சி நாராகிவிடும். மெல்லக் கொதி வந்தபின் பதினைந்து நிமிடம். அடுப்பை அணைத்து மூடியபடி இன்னும் பத்து நிமிடம். தடித்த பகுதியை வெட்டிப் பார்த்தால் இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது. அந்த நீரிலேயே சற்று ஆறவிட்டால் இறைச்சி ஈரப்பதத்துடன் இருக்கும். பிறகு கையால் உதிர்க்க வேண்டும்.

எதிரி தண்ணீர்தான். உப்புப் பட்டவுடன் மரக்கறி நீரை விடும்; அந்த நீரைப் பாண் குடிக்கும். ஆகவே சின்ன வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, உப்பு நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, இறுகப் பிழிய வேண்டும். காரமும் தணியும், நீரும் போகும். வெள்ளரிக்காயில் விதைப்பகுதியை வழித்தெறிய வேண்டும். தக்காளி வேண்டவே வேண்டாம். இறைச்சி நன்கு ஆறியபின் மூன்று மேசைக்கரண்டி மயோனைஸ், அரைத் தேக்கரண்டி கடுகு விழுது, பச்சை மிளகாய் ஒன்று, மிளகுதூள், சில துளி தேசிப்புளி. பாணின் உட்பக்கம் இரண்டிலும் ஓரம்வரை பட்டர் பூச வேண்டும். அது சுவைக்கு மட்டுமல்ல. ஈரம் பாணுக்குள் இறங்காமல் தடுக்கும் அணையும் அதுவே. கொழும்பு வெக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்தால் நஞ்சாகிவிடக்கூடும். அலுவலகம் போனதும் பொதியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் நின்ற காலத்தில் கோழி சான்ட்விச்சைக் கைவிட்டு, பாணும் சம்பலும் உண்டதற்குக் காரணம் அதுவே.

மனைவியின் கைமருந்து ஒன்றும் உண்டு: எண்ணெயில் ஒருகணம் வதக்கிய கறித்தூள் அரைத் தேக்கரண்டியும், மாங்காய்ச் சட்னி ஒரு தேக்கரண்டியும். இதைக் கேட்டதும் எனக்குள்ளிருந்த பத்திரிகைக்காரன் விழித்துக்கொண்டான். 1953 ஜூன் 2இல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்கென இலண்டனில் ஆக்கப்பட்ட குளிர்ந்த கோழி உணவு இதற்கு அண்ணன்முறை: மயோனைஸ், கறித்தூள், அப்ரிகொட் பழக்கூழ். அவர் அப்போது இலங்கைக்கும் இராணி. அந்தக் கோழியுடன் பரிமாறப்பட்டது சோற்றுச் சலாது. அதற்கடுத்த மாதமே இங்கு ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றப்பட்டது. ஓகஸ்ட் 12இல் நாடே ஹர்த்தாலில் எழுந்தது. ஒக்டோபரில் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். சோறு சிலருக்குச் சலாது, சிலருக்கு அரசியல்.

இந்தக் கதையை மனைவிக்கு விரித்துரைத்தபடியே, ஒரு வாரத்தின்பின், பெருமையுடன் பாணின் கரைகளை வெட்டிக் குப்பைக் கூடைக்குள் தள்ளினேன். இத்தனை காலமும் எனக்கு வந்தது கரையில்லாத மென்மையான சான்ட்விச்; ஆகவே அதுவே முறையென நினைத்தேன். கோழி அவித்த நீரையும் வழமைபோல் தொட்டியில் ஊற்றினேன்.

"இஞ்ச, என்ன வேலை பாக்கிறீங்கள்?" என்றாள்.

"ஏன், கரை வெட்டக் கூடாதோ?"

"வெட்டலாம். எறியிறதில்லை. அந்தத் தண்ணியில மிளகு போட்டுச் சூடாக்கி, கரையைத் தோச்சுத்தான் நான் இரவில சாப்பிடுறனான்."

இந்த வாரமெல்லாம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். பிஸ்கட்டும் தேநீரும் என்றாள். குறையாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்கு அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

கேள்வி கேட்பது என் தொழில். அமைச்சர்களிடமும் அதிகாரிகளிடமும் கேட்டிருக்கிறேன். நிதி எங்கே போயிற்று, நிவாரணம் எங்கே போயிற்று என்று எழுதியிருக்கிறேன். வெட்டிய கரை எங்கே போகிறதென்று என் வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை. நான் புறப்பட்ட பிறகு அவள் தனியே அமர்ந்து என்ன உண்கிறாள் என்று நினைத்துப் பார்த்ததுமில்லை. அவள் ஒளித்ததில்லை; நான்தான் கேட்கவில்லை.

மாக்கட்டுப் பிரித்தாயிற்று. விரல்கள் இன்னும் முழுமையாக மடங்கவில்லை. இரவுப் பணி நாட்களில் பெரும்பாலும் நானே செய்கிறேன். எட்டுத் துண்டுகளுக்குப் பதிலாகப் பன்னிரண்டு வெட்டுகிறேன். இரண்டு சான்ட்விச்கள் அவளுக்கு. கோழி நீரைச் சூப்பாக்கி, ஏழு மணிக்கு இருவருமாகக் குடித்துவிட்டுப் புறப்படுகிறேன்.

கரை வெட்டுவதில்லை. கொஞ்சம் கடினந்தான்; மென்று தின்ன நேரமெடுக்கிறது. முதற்பக்கம் காத்திருக்கட்டும்.