வடக்கே இழுத்த தண்டவாளம்: சங்கரன்கோவில் ரயில் நிலையம்

மதுரைக்குத் தெற்கே முதல் இருப்புப்பாதை 1876-இல் விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), கோவில்பட்டி, மணியாச்சி வழியாகத் தூத்துக்குடியை எட்டியபோதும், 1903-04-இல் திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டைக்கும் அங்கிருந்து மலையைக் குடைந்து கொல்லத்துக்கும் பாதை நீண்டபோதும், பருத்தியும் வத்தலும் விளையும் கரிசலின் மேற்கோரத்திலிருந்த சங்கரன்கோவில் இரண்டுக்கும் எட்டாத தொலைவிலேயே நின்றது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி விருதுநகரையும் தென்காசியையும் நேராக இணைக்கும் சுமார் 120 கி.மீ. பாதையை 1927-இல் திறந்த பிறகே இவ்வூருக்கு நிலையம் வாய்த்தது. அந்தத் தண்டவாளம் ஊரை வடக்கே, விருதுநகர்ச் சந்தைக்கும் மதுரைக்கும் இழுத்தது. ஜில்லாவின் தலைநகரோ தெற்கே திருநெல்வேலியில் இருந்தது. இந்த முரண் பாதை போட்டவர்களின் கவலையாக இருந்திருக்க நியாயமில்லை, சென்னைக்கும் கொல்லத்துக்கும் இடையே சுற்றைக் குறைப்பதே பெரிய ஆதாயம் என்பதால்.

ஒரு மீட்டர் அகலத் தண்டவாளமான மீட்டர் கேஜில் அமைந்த சிறுநிலையங்களின் கட்டடக்கலை, அழகைவிட வேலையின் ஒழுங்கால் உருவானது. பயணச்சீட்டு ஜன்னலும் நிலைய அதிபரின் அறையும் ஒரே கூரையின் கீழ் இருக்க, நடைமேடை தரையை ஒட்டித் தாழ்ந்திருக்க, எல்லையில் கைகாட்டி நின்றது. அதிபரின் அறையில் இருந்த டோக்கன் கருவியே நிலையத்தின் உயிர்நாடி. ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் எதிரெதிரே வந்துவிடாதபடி, அடுத்த நிலைய அதிபர் இசைந்தால் மட்டுமே அக்கருவி ஓர் உலோகப் பந்தை விடுவிக்கும். தோல்பையில் இட்டு, பிரம்பு வளையத்தில் கோத்து நீட்டப்படும் அந்தப் பந்து கையில் இல்லாமல் ஓட்டுநர் வண்டியை நகர்த்த முடியாது.

அரியும் சிவனும் ஒன்றே என்று காண இவ்வூர்க் கோயிலின் கோமதியம்மன் ஒற்றைக்காலில் தவமிருந்ததைக் கொண்டாடும் ஆடித்தபசு விழாவே ஊரின் பெருங்கூட்டத்துக்குரிய நாள். புற்றுமண் பிரசாதத்தை மடியில் முடிந்துகொண்டு திரும்பும் அடியவர்களைத் தாங்க எந்தச் சிறுநிலையத்தின் அளவும் போதாது.

2004-ஐ ஒட்டி விருதுநகர்-தென்காசிப் பாதை 1,676 மி.மீ. அகலப்பாதையாக மாற்றப்பட்டது. இன்று சென்னை எழும்பூரிலிருந்து செங்கோட்டை செல்லும் பொதிகை விரைவு வண்டியில் வருவோருக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டியதும் வலப்புற ஜன்னலில் மேற்குத்தொடர்ச்சி மலை கூடவே வருகிறது. ராஜபாளையத்தின் பஞ்சாலைகளுக்கு அடுத்து வரும் பெரிய நிறுத்தம் சங்கரன்கோவில்.

2019-இல் தென்காசி தனி மாவட்டமானபோது, சங்கரன்கோவில் தாலுகாவும் அதன் மாவட்டத் தலைநகரும் ஒரே பாதையில் அமைந்தன. ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டு முரண் தண்டவாளத்தை நகர்த்தாமல் எல்லைக்கோட்டை நகர்த்தியதால் தீர்ந்தது. ஆனால் ரயிலில் திருநெல்வேலி போக நினைப்பவர் இன்றும் தென்காசியைச் சுற்ற வேண்டும். நேர்சாலையைப்போல் அது ஏறத்தாழ இருமடங்குத் தொலைவு என்பதால், அந்தத் திசைக்கு ஊர் மக்கள் பேருந்து நிலையத்துக்கே போகிறார்கள்.