மணியின் நாவும் சைலன்சர் குழாயும்

நம் கல்லூரியின் மாடி வகுப்பறைகள் சாலையை நோக்கியவை. செய்யுள் நடத்துகையில் கீழே ஒரு வண்டி வெடித்துக்கொண்டு போனால், பாடலை முதலடியிலிருந்து மறுபடி தொடங்கவேண்டும். அத்தகைய வண்டிகளுள் ஒன்று நம் மூன்றாமாண்டு மாணவர் ஒருவருடையது.

கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறிச் சேர்த்த பணத்தில் அவர் வாங்கியது 125 சிசி பழைய வண்டி. வாங்க விரும்பியதோ புல்லட். அதற்கு வழியில்லாததால், அதன் ஓசையையாவது வாங்கிவிடலாம் என்று வெல்டிங் பட்டறைக்குப் போயிருக்கிறார். சைலன்சரின் பின்மூடியை அறுத்து, உள்ளிருந்த துளைக்குழாயையும் தடுப்புத் தகடுகளையும் உருவிவிட்டு, வெறும் கூட்டைத் திரும்பப் பற்றவைத்துத் தந்தார்களாம். கூலி 250 ரூபாய்.

அந்தக் காசுக்குக் கிடைத்தது புல்லட்டின் ஓசையன்று. எஞ்சினிலிருந்து புகை அழுத்தத்தோடு துடிப்புத் துடிப்பாக வெளியேறுகிறது. சைலன்சரின் அறைகள் அத்துடிப்புகளைத் தமக்குள் மோதவிட்டுத் தணிக்கின்றன. அறைகள் போய்விட்டால் துடிப்பு அப்படியே தெருவில் வந்து விழும். பழைய புல்லட்டின் 350 சிசி ஒற்றைச் சிலிண்டர், நின்ற இடத்தில் நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் குறைவான சுற்றுகளே சுற்றும். இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. ஆக நொடிக்கு ஏழெட்டு. காது அவற்றைத் தனித்தனியே வாங்கிக்கொள்ளும். சின்ன எஞ்சினின் வெடிப்பு சிறிது, சுழற்சியோ விரைவு. எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே கரகரப்பாகிவிடுகிறது. கார்புரேட்டர் வண்டியாதலால் கலவையும் மாறி, ஆக்சிலரேட்டரை விடும்போதெல்லாம் பட்டாசு வேறு. பட்டறைக்காரர் அதைக் கூடுதல் வசதியென்றே சொன்னாராம்!

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், இரைச்சல் வரம்பை மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அந்த வண்டியை விற்றாலும் அதற்குமேல் பெரிதாகத் தேறாது.

நிற்க. அகநானூற்றின் நான்காம் பாடலை அண்மையில் நடத்தினோம். குறுங்குடி மருதனார் பாடியது. கார்காலத்தில் தலைவன் தேரேறித் திரும்பி வருகிறான். பூத்த சோலையில் துணையோடு தங்கியிருக்கும் வண்டுகள் கலங்கிவிடுமே என்று அஞ்சித் தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். இதனினும் பழைய சைலன்சர் தமிழில் நமக்குத் தெரிந்து இல்லை. வகுப்பு முடிந்ததும் அம்மாணவரிடம் இதை வேடிக்கையாகச் சொன்னோம்.

“ஐயா, அவன் தேர்ல வர்றவன். மணியக் கட்டினாலும் வர்றது யாருன்னு ஊருக்குத் தெரியும்” என்றார்.

பிறகு தம் தாத்தாவைப் பற்றிச் சொன்னார். மேலத்தெருவின் முனை வந்ததும் சைக்கிளைவிட்டு இறங்கி, தெரு முடியும்வரை தள்ளிக்கொண்டே போனவராம் அவர். பழங்கதை என்று இதைத் தள்ளிவிடவும் முடியவில்லை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவரின் கைகளை வெட்டினார்கள். அவர் புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தார் புகார் கூறினர்.

கல்லூரிக்கு இரண்டு தெரு தள்ளி அரசு மருத்துவமனை. மகப்பேறு வார்டின் சன்னல்கள் சாலைப்பக்கம் திறப்பவை. நேற்றுப் பிறந்த குழந்தையின் செவிக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது; அது விதிர்த்து அழும். ‘அந்த வளைவுல மட்டும் வண்டிய அணைச்சுட்டுத் தள்ளிக்கிட்டுப் போப்பா’ என்று சொல்வதாகத்தான் இருந்தோம். தாத்தாவின் கதையைக் கேட்டபின் அந்தச் சொற்கள் நம் வாயில் வரவில்லை.

ஆகவே செலவைப் பற்றி மட்டும் பேசினோம். கண்ணாடிப் பஞ்சு சுற்றிய துளைக்குழாயை உள்ளே வைத்து மூடித்தர, அதே பட்டறையில் 600 ரூபாய் கேட்கிறார்கள். நாம் தருகிறோம் என்றோம், வேண்டாம் என்றுவிட்டார். மார்கழியில் பந்தி வேலை கிடையாது. தை பிறந்து முகூர்த்தங்கள் தொடங்கட்டும், பார்க்கலாம் என்கிறார்.